உப்பில் சேரும் பொட்டாசியம் அயோடேட்

திருவனந்தபுரம் கடலோர நகரமேயாயினும் அதன் உப்பு வெளியிலிருந்தே வருகிறது. பழைய திருவிதாங்கூரின் தாமரைக்குளம் உப்பளங்கள் 1956-ஆம் ஆண்டு மாநிலச் சீரமைப்பின்போது தமிழ்நாட்டைச் சேர்ந்தன. இன்று இங்கு விற்பனையாகும் உப்பில் பெரும்பகுதி தூத்துக்குடி உப்பாகும். அளத்திலிருந்து அடுக்களை சேர்வதற்குள் அது ஈரக் காற்றையும் பருவமழையையும் தாங்க வேண்டும். உப்பில் எந்த அயோடின் சேர்மத்தைக் கலப்பது என்ற வினா இங்கேதான் எழுகிறது.

மருத்துவர் வு. ராமலிங்கசுவாமி குழுவினர் 1956-இல் காங்ரா பள்ளத்தாக்கில் தொடங்கிய ஆய்வில், பொட்டாசியம் அயோடைடு, பொட்டாசியம் அயோடேட் ஆகிய இரண்டுமே முன்கழுத்துக் கழலையைக் குறைத்தன. ஆனால் தூய்மை குறைந்த, ஈரமான உப்பில் அயோடைடு சிதைந்து அயோடின் ஆவியாகிவிடும். அயோடேட் நிலைத்து நிற்கும். நம் நாட்டு உப்புக்கு அயோடேட்டே ஏற்றது என்பதற்கு இதுவே காரணம். 2000-இல் நீக்கப்பட்டிருந்த, அயோடின் சேராத உணவு உப்பு விற்பனைக்கான தடை 2006 மே 17 முதல் மீண்டும் நடைமுறைக்கு வந்தது.

தேவைப்படும் அளவு மிகச் சிறிது. பத்து லட்சம் பங்கு உப்புக்கு 30 பங்கு அயோடின் என்று கொண்டால், ஒரு டன் உப்புக்குச் சுமார் 51 கிராம் அயோடேட் போதும். நுகர்வோரை அடையும்போது 15 பங்கேனும் எஞ்சினால், 10 கிராம் உப்பு ஒருவரின் அன்றாடத் தேவையான 150 மைக்ரோகிராமை அளித்துவிடும்.

இவ்வளவு நீர்த்த நிலையில் அச்சத்துக்கு இடமில்லை. செறிந்த தூளோ வேறு இயல்புடையது. அது தானே எரியாது. ஆயினும் ஆக்சிஜனை ஈந்து தீயை மூட்டிவிடும். கந்தகம், எண்ணெய், மரத்தூள், வெற்றுச் சாக்கு ஆகியவற்றின் அருகில் அதனை வைத்தலாகாது. அதன் தூசி கண்ணையும் மூச்சுக் குழலையும் உறுத்தும். ஏறக்குறைய ஒரு கிராம் அளவில் விழுங்கியோர் சிலருக்கு விழித்திரை கெட்டுப் பார்வை குன்றியுள்ளது. வெண்மையான இத்தூளைக் கண்ணால் பார்த்து உப்பிலிருந்து பிரித்தறிய இயலாது. ஆதலால் பெயரெழுதிய, பூட்டிய கலமும் தனித் தராசும், கலப்பவருக்குக் கண்ணாடியும் கையுறையும் வேண்டும். பெரிய ஆலைகளில் இவை எளிது. மண்வெட்டியால் கிளறிக் கலக்கும் சிறு உற்பத்தியாளரிடமோ ஒரு மூட்டையில் மிகையும் மறு மூட்டையில் குறைவும் நேர்கின்றன. மானியத்தைவிட நல்ல தெளிப்புக் கருவியே அவருக்கு முதலில் தேவை என்பது என் கருத்து.

வீட்டிலும் இழப்பு உண்டு. கல்லுப்பைக் கழுவிப் பயன்படுத்தினால், மேற்பரப்பில் படிந்த அயோடேட் நீரோடு போய்விடும். உப்பு மரவையையும் பரணியையும் மூடி, அடுப்பினின்று தள்ளி வைப்பதே நன்று.