மணலில் இறங்கப்போகும் மலைநாட்டுத் தம்பிமாருக்கு

உடப்புசல்லாவையிலும் ராகலையிலும் ஜீப் ஓட்டிப் பழகிய பிள்ளைக்கு ரோட்டைப் பற்றிய பயம் குறைவு. மழை ஊற்றும் மாதங்களில் மடுவத்துக்கும் ஸ்டோருக்கும் இடையே சேற்றில் வண்டியை ஏற்றி இறக்கியவன், கீழே சமவெளி என்றால் சுலபம் என்று நினைப்பது இயல்புதான். கதிர்காமத் திருவிழாக் காலம் வந்ததும் அரிசி மூட்டையையும் அண்டாவையும் ஏற்றிக்கொண்டு வெலிமடை, பதுளை, பசறை, மொனராகலை வழியாகப் பொத்துவிலுக்கு இறங்குகிறீர்கள். அங்கிருந்து பாணமை, அதற்கும் அப்பால் உகந்தை முருகன் கோயில். கூமுனை, யால காடுகளைக் கடந்து கதிர்காமத்துக்கு நடக்கிற அடியார்கள் கூடுகிற இடம் அது. அவர்களுக்குச் சோறு போடத்தான் இந்தப் பயணம். பாணமையை எட்டியதும் கடல் பக்கத்தில் வந்துவிடும். கூட வந்தவர்கள், "கொஞ்ச தூரம் கடலோரமா ஓட்டுங்களேன் அண்ணே" என்பார்கள். வண்டி புதைவது அங்கேதான்.

மலையில் படித்த பாடம் மணலில் பெரும்பாலும் தலைகீழாகிவிடும். மலையில் நிதானம் உயிரைக் காக்கும். மணலில் வேகம் செத்தால் சக்கரம் இறங்கும். மலையில் டயரில் காற்று நிறைவாக இருக்க வேண்டும். மணலில் குறைய வேண்டும். இந்த இரண்டு சட்டங்களையும் ஒன்றோடொன்று குழப்பாமல் வைத்திருக்கத் தெரிந்தவனிடம்தான் நான் சாவியைக் கொடுப்பேன்.

1. முதலில், கரையில் இறங்கத்தான் வேண்டுமா என்று கேளுங்கள். மீன் வாடிக்கு ஐஸ் கொண்டுபோக வேண்டும், தோணியை இழுக்க வேண்டும், சாமான் இறக்க வேறு வழியில்லை என்றால் சரி. படம் எடுக்கவும் விளையாடவும் என்றால் வேண்டாம். கூமுனை தேசியப் பூங்காவுக்குள் வகுத்த பாதையை விட்டு ஒரு முழம்கூட இறங்கக் கூடாது. அறுகம்பையில் ஆட்கள் குளிக்கிற, படுத்திருக்கிற கரையில் வண்டிக்கு இடமே இல்லை. ஊரார் வண்டி போய்வருகிற தடம் எது என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்டு, அதில் மட்டும் போங்கள்.

2. உங்கள் வண்டி உண்மையிலேயே நான்கு சக்கரத்தாலும் இழுக்கிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். லிவர் இருப்பதால் மட்டும் நம்பிவிட முடியாது. எண்ணெய் மிச்சம் பிடிக்க முன் ஷாஃப்டைக் கழற்றி வைத்த பழைய ஜீப்புகள் உண்டு. முன் சக்கரத்து ஹப்பைக் கையால் பூட்டுகிற வண்டி என்றால், இறங்கிப் போய் இரண்டு பக்கமும் பூட்டிய பிறகே உள்ளே லிவரைப் போட்டுப் பயன். இதையெல்லாம் தார் முடிகிற இடத்திலேயே செய்யுங்கள். புதைந்த பிறகு ஃபோர் வீல் போடுகிறவன் பாதிக் காரியத்தை ஏற்கெனவே கெடுத்துவிட்டான்.

3. காற்றை இறக்குங்கள். பன்னிரண்டு அறிவுரையில் ஒன்றை மட்டும்தான் மனதில் வைப்பேன் என்றால், இதை வையுங்கள்.

தார் ரோட்டில் உங்கள் வண்டிக்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பது சாரதி பக்கக் கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளில் இருக்கும். பெரும்பாலான ஜீப்புக்கும் கெப்புக்கும் அது 30 பி.எஸ்.ஐ. அளவிலோ, பாரம் ஏற்றினால் அதற்கு மேலேயோ இருக்கும். மணலில் அதை 18-க்குக் கொண்டுவாருங்கள். மணல் மிகவும் பொலபொலவென்று இருந்தால் 15. அப்போது டயர் தட்டையாகி, தரையைத் தொடும் பரப்பு முன்னும் பின்னுமாக நீளும். அதே எடை அதிக இடத்தில் பரவுவதால் சக்கரம் மணலை வெட்டாமல் மேலே மிதந்து போகும். ஒட்டகத்தின் பாதம் அகன்றிருப்பதும் இதற்காகத்தான். என்ஜின் பலத்தைவிட, பட்டன் ஆழமான புது டயரைவிட, இந்தக் காற்றுக் கணக்குத்தான் உங்களைக் கரைசேர்க்கும். சொல்லப்போனால், நம் தோட்டத்துச் சேற்றுக்கு வாங்கிய ஆழப் பட்டன் டயர் மணலில் தோண்டுகிற வேலையையே செய்யும்.

கண்ணால் பார்த்துக் காற்றை மதிப்பிடாதீர்கள். காற்று அளக்கும் மீட்டர் ஒன்றும், பேட்டரியில் மாட்டுகிற சிறிய பம்ப் ஒன்றும் வண்டியில் இருக்க வேண்டும். பம்ப் இல்லாதவன் காற்றை இறக்கக் கூடாது. காற்றை இறக்காதவன் மணலில் இறங்கக் கூடாது. காற்றுக் குறைந்த டயரை வைத்துக்கொண்டு வேகமாகவும் போகக் கூடாது, சட்டென்று திருப்பவும் கூடாது. டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடும்.

4. சீரான வேகம். நம் மலையில் செங்குத்தான மேட்டுக்கு லோ கியர் முதலாம் கியரில் போட்டு ஊர்ந்து ஏறுவோம். மணலில் அப்படி ஊர்ந்தால், சக்கரம் உருளுவதைவிடத் தோண்டுவது அதிகமாகும். இறுகிய மணலில் ஹை கியரில் இரண்டு, மூன்று போதும். மெத்து மணல் என்றால் லோவில் இரண்டாவது அல்லது மூன்றாவது. எக்சிலேட்டரில் வைத்த கால் ஒரே நிலையில் இருக்கட்டும். நடு மணலில் கியர் மாற்றாதீர்கள். கிளச்சை மிதித்த அந்தக் கணத்திலேயே மணல் வண்டியைப் பிடித்து நிறுத்திவிடும். வெப்பமானி முள்ளையும் பார்த்துக்கொள்ளுங்கள், மணலில் என்ஜின் இரட்டிப்பாகப் பாடுபடும். உடப்புசல்லாவையின் குளிரில் ஒருநாளும் ஏறாத முள் அங்கே ஏறும்.

5. பிரேக்கைத் தொடாதீர்கள். பிரேக் போட்டால் நான்கு சக்கரத்துக்கும் முன்னால் மணல் குவிந்து திட்டாகும். மறுபடி புறப்படும்போது அந்தத் திட்டில்தான் ஏற வேண்டியிருக்கும். காலை எடுத்துவிட்டாலே போதும், மணலே நிறுத்தும்.

6. முன்னால் போன வண்டியின் தடத்திலேயே போங்கள். அது ஏற்கெனவே இறுகிய மணல். திரும்ப வேண்டுமானால் அகலமாக வட்டமிட்டுத் திரும்புங்கள். ஸ்டேரிங்கை முழுக்க ஒடித்தால் முன் சக்கரங்கள் ஏர் போல மணலைத் தள்ளும். மணல் மேட்டில் ஏறும்போது நேராக ஏறுங்கள். முடியவில்லை என்றால் நேராகவே ரிவர்ஸில் இறங்குங்கள். குறுக்கே திருப்பினால் வண்டி உருளும். இது ஒன்றில் மலைச் சட்டமும் மணல் சட்டமும் ஒன்றுதான்.

7. கடலைப் படியுங்கள். ஈரமணல் இறுக்கமானது, உலர்ந்த மணல் மெத்து. அதனால் அலை வந்து திரும்பும் இடத்துக்குச் சற்று மேலே உள்ள ஈரப்பட்டைதான் ஓட்ட நல்லது என்பார்கள். அது உண்மை. ஆனால் வீடியோவில் அவுஸ்திரேலியாக்காரர் கடல் வற்றி அகலமாகக் கிடக்கும் கரையில் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு இங்கே வராதீர்கள். இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. எவ்வளவு வற்றினாலும் நமக்குக் கிடைப்பது ஒடுக்கமான பட்டைதான். கிழக்குக் கரை பல இடங்களில் சரிந்தும் கிடக்கும். ஒரு பெரிய அலை வந்தால் வண்டி உப்புத்தண்ணீரில். நின்றுபோன வண்டியின் சக்கரத்தைச் சுற்றி ஒவ்வொரு அலையும் மணலை அரித்துக்கொண்டு போகும். வண்டி தானாகவே கீழே இறங்கிக்கொண்டிருக்கும். நவம்பரிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம். கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் கரையோடு சேர்க்கையே வேண்டாம்.

கடலைவிட ஏமாற்றுவது களப்பு. மேலே வெயிலில் காய்ந்து வெள்ளைப் பொருக்குக் கட்டி, பார்வைக்குத் தார் ரோடு மாதிரி இருக்கும். உள்ளே கறுப்புச் சேறு. களப்பு கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணல் திட்டையும் நம்பக் கூடாது. மழைக்காலத்தில் உடைவது அதுதான். எந்த இடத்திலும் சந்தேகம் வந்தால் இறங்கி நடந்து பாருங்கள். குதிகால் ஆழமாகப் பதிகிற இடத்தில் சக்கரமும் பதியும்.

8. புதைந்துவிட்டால்: சக்கரம் சும்மா சுற்றுகிறது என்று உணர்ந்த அந்தக் கணமே காலை எடுங்கள். சேற்றில் சிக்கினால் மிதித்து மிதித்து வெளியே வருகிற பழக்கம் நமக்கு உண்டு. சேற்றுக்கடியில் சில வேளை கல் இருக்கும். மணலுக்கடியில் மணல்தான். ஒவ்வொரு சுற்றுக்கும் வண்டி இன்னும் இறங்கி, கடைசியில் வயிறு தட்டிவிடும்.

எல்லோரையும் இறக்குங்கள். குனிந்து பாருங்கள். டிஃப்ரன்ஷியல் மணலைத் தொடவில்லை என்றால் வந்த தடத்திலேயே மெல்ல ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் வந்துவிடும். தொட்டுவிட்டது என்றால் மம்பட்டி வேண்டும். சக்கரத்துக்கு முன்னும் பின்னும், வயிற்றுக்கு அடியிலும் உள்ள மணலை வாரி எடுத்து, சரிவாக வழி வெட்டுங்கள். சணல் சாக்கு, பலகை, மரக்கிளை, எது கிடைத்தாலும் டயருக்கு அடியில் செருகுங்கள். நைலோன் கொழுந்துச் சாக்கு உதவாது, வழுக்கும். காற்றை 12 வரை இறக்கலாம், வெளியே வரும் வரை மட்டும். ஜெக் வைப்பதானால் அடியில் அகலமான பலகை வேண்டும். ஜெக்கில் நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் தலையை நுழைக்கக் கூடாது.

அலை தொடும் இடத்தில் புதைந்தால் தோண்டிக்கொண்டிருக்க நேரமில்லை. ஓடிப்போய் மீனவர்களின் டிராக்டரைக் கூப்பிடுங்கள். அவர்கள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டதைக் கொடுங்கள், பேரம் பேசாதீர்கள்.

9. இழுக்கும் கயிறு ஆளைக் கொல்லும். டிரெய்லர் மாட்டுகிற குண்டில் ஒருபோதும் கட்டாதீர்கள். அது முறிந்தால் துப்பாக்கி ரவைபோல் பறந்து வரும், கண்ணாடியையும் துளைக்கும். சேஸியோடு பொருத்திய கொக்கியில் கட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கொன்றைப் போடுங்கள். அறுந்தால் துள்ளல் குறையும். கூட வந்த பிள்ளைகள் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் வருவார்கள். கயிற்றின் நீளத்தைவிட அதிக தூரத்துக்கு அவர்களை அனுப்பிய பிறகே இழுக்க ஆரம்பியுங்கள்.

10. அந்தக் கரை நம்முடையதல்ல. கரைவலை வளைத்திருந்தால் அதன் கயிறு கரையோடு வெகுதூரம் கிடக்கும். அதன்மேல் ஏற்றுவது ஒரு குடும்பத்தின் சோற்றில் ஏற்றுவது.

ஆமையை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஐந்து வகைக் கடலாமைகள் இலங்கைக் கரைகளில் முட்டையிடுகின்றன. முட்டை இருப்பது மணலுக்குள் முழம் ஆழத்தில், மேலே அடையாளமே தெரியாது. அலை எட்டாத அந்த உலர்ந்த மேட்டு மணலில்தான் வண்டியையும் ஏற்றத் தோன்றும். பொரித்து வெளியே வருகிற குஞ்சு உள்ளங்கைக்குள் அடங்கும். உங்கள் டயர் போட்டுவிட்டுப் போன பள்ளம் அதற்கு ஒரு மதில். அதற்குள் விழுந்து, கடலுக்குப் போக வழி தெரியாமல் அலைந்து, விடிந்ததும் காகத்துக்கும் நாய்க்கும் இரையாகும். 1937-ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆமைக்கும் முட்டைக்கும் பாதுகாப்பு உண்டு. சட்டம் இல்லாவிட்டாலும் இதைச் செய்யக் கூடாது. இரவில் கரையில் ஓட்டவே கூடாது. லகுகலையிலிருந்து உகந்தை வரை யானை நடமாடுவதால், பொழுது சாய்ந்த பிறகு அந்த வழிப் பயணமும் வேண்டாம்.

11. நிறுத்தும்போது வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்து, கடலிலிருந்து தள்ளி இருக்கட்டும். புறப்படும்போது இறக்கம் உதவி செய்யும்.

12. இனி, திரும்பி வருவது. நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். மணலில் புதைந்தால் போவது அரை நாள். மணல் சட்டத்தோடு மலை ஏறினால் போவது உயிர்.

மணலை விட்டுத் தாரில் ஏறியதும் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். நடுவில் டிஃப்ரன்ஷியல் இல்லாத வண்டிகளில் வளைவுக்கு வளைவு முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். மணலில் சக்கரம் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தாரில் வழுக்க முடியாமல் பல்சக்கரங்கள் முறுகும், ஸ்டேரிங் கல்லாகும். பிறகு நாலு டயருக்கும் காற்றை ஏற்றுங்கள், கதவுத் தாளில் உள்ள அளவுக்கு. உப்புத்தண்ணீர் பட்ட பிரேக்கை ஆளில்லாத நேர் ரோட்டில் இரண்டு மூன்று தடவை மிதித்துப் பாருங்கள். கிணற்றடி எங்கே கண்டாலும் அடிப்பாகத்தைக் கழுவுங்கள். நம் ஊர்ப் பனிமூட்டத்தில் உப்பு காயாமல் ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்னும்.

நான்கு சக்கரம் இழுக்கிற வண்டி ஏறுவதில்தான் மற்ற வண்டியைவிடக் கெட்டிக்காரன். நிற்பதில் எல்லா வண்டியும் ஒன்றுதான். 2025 செப்டம்பர் 4-ஆம் திகதி இரவு, சுற்றுலா போய்த் திரும்பிய பஸ் ஒன்று எல்ல–வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அந்த வழியாக ஏறினாலும் சரி, பசறை வழியாக ஏறினாலும் சரி, வளைவுகள் மன்னிக்காது. காற்றுக் குறைந்த டயர் தாரில் சூடேறி, பாரத்தோடு வளைவில் மடங்கி, ரிம்மை விட்டு விலகும். அந்த நேரம் பின்னால் அசதியில் தூங்கிக்கொண்டிருப்பது உங்கள் அம்மாவும் பிள்ளைகளும்.

உங்கள் பம்ப் வேலை செய்யவில்லை என்றால் பொத்துவில் வரை ஊர்ந்து வந்து டயர் கடையில் காற்றடியுங்கள். கடை பூட்டியிருந்தால், அது திறக்கும் வரை அங்கேயே படுத்திருந்துவிட்டு வாருங்கள்.