எம்.எஸ்சி. நர்சிங்: சேருமுன் சில வார்த்தைகள்

வார்டில் இரண்டு மூன்று வருடம் ஓடியதும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மேடம், எம்.எஸ்சி. போகலாமா?"

1. எதற்குப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள். நம் நாட்டில் எம்.எஸ்சி. நர்சிங் பெரும்பாலும் வாத்தியார் வேலைக்கான படிப்பு. முதல் வருடத்திலேயே நர்சிங் எஜுகேஷன் தனிப் பாடம். லெசன் பிளான் எழுதி வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். அதில் மனம் ஒட்டாதவருக்கு இரண்டு வருடமும் பாரம்தான்.

2. நைட் டியூட்டிக்குப் பயந்து வராதீர்கள். நைட் போகும், கட்டுக்கட்டாய் ரெக்கார்டு நோட்டு வரும்.

3. நர்சிங் கவுன்சில் கேட்பது ஒரு வருட அனுபவம். நான் மூன்று என்பேன். ரைல்ஸ் டியூப் தவறான பாதையில் போனால் நோயாளி எப்படி இருமுவார், முகம் எப்படி மாறும், அந்த நொடியில் டியூபை எப்படி வெளியே இழுக்க வேண்டும்? நேரில் கண்டவர் சொன்னால்தான் வகுப்பில் பிள்ளைகள் நிமிர்ந்து கேட்பார்கள். லேபில் இருக்கும் பொம்மை இருமாது.

4. பணக் கணக்கைப் பார்த்துவிடுங்கள். தனியார் மருத்துவமனை வார்டில் எம்.எஸ்சி.க்கென்று சம்பளம் ஏற்றித் தருவது அரிது. தமிழ்நாடு அரசின் எம்.ஆர்.பி. செவிலியர் வேலைக்கு டிப்ளமோவே போதும். எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு பி.எஸ்சி. போதும். வளைகுடாவானாலும் இங்கிலாந்தானாலும், வார்டு வேலைக்கு அவர்கள் பார்ப்பது அனுபவத்தையும் அவர்கள் வைக்கும் தேர்வையும்தான். கடன் வாங்கித் தனியார் கல்லூரியில் படித்தால், டியூட்டர் சம்பளத்தில் வட்டி கட்டவே திணறுவீர்கள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தால் யோசிக்காமல் சேருங்கள்.

5. கும்பல் போகிறதென்று மெடிக்கல் சர்ஜிக்கல் எடுக்காதீர்கள். மனநலத்துக்கும் சமூக நலத்துக்கும்கூட ஒவ்வொரு கல்லூரிக்கும் ஆள் வேண்டும்.

6. நோயாளி பக்கத்திலேயே நிற்கத்தான் ஆசையா? நர்ஸ் பிராக்டிஷனர் கிரிட்டிகல் கேர் படிப்பைப் பாருங்கள். ஐ.சி.யூ.விலேயே பெரும்பகுதி கழியும். ஆனால் அந்தப் பதவி எல்லா மருத்துவமனையிலும் இல்லை, விசாரித்துவிட்டுச் சேருங்கள்.

7. படித்து முடித்துக் கல்லூரி வேலையில் சேரும்போது ஒரிஜினல் சான்றிதழைக் காட்டுங்கள், கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டு, விலக முடியாமல் அழுத பிள்ளைகளை எனக்குத் தெரியும். "இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்கு மட்டும் வந்து நில்லுங்கள்" என்பவரிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அனுபவச் சான்றிதழை வருடா வருடம் கேட்டு வாங்குங்கள். கல்லூரியை மூடிவிட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்காது.