மரவட்டையைத் தொட்ட விரல்

ஐப்பசி மழை விட்ட காலை. துவைக்கிற கல்மேல் ஒரு மரவட்டை ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றரை வயதுப் பேத்தி எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரலால் தொட்டாள். அது சட்டென்று சுருண்டு வட்டமானது. வாயெல்லாம் சிரிப்பாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஐயோ, தொடாதே, கடிக்கும்!" என்று அலறிவிட்டேன். முகம் கோணி அழுதாள். அவளை அழவைத்தது என் குரல்தான்.

நம்பிக்கை: பூச்சி, பாம்பு என்றாலே குழந்தைக்குப் பிறவிப் பயம்.

உண்மை: வனெஸா லோபூவும் ஜூடி டெலோச்சும் சக ஆய்வாளர்களோடு 2013-இல் வெளியிட்ட ஆய்வில், நடைபழகும் வயதுக் குழந்தைகளுக்கு நல்ல பொம்மைகளையும், கூண்டிலும் தொட்டியிலும் உயிருள்ள பிராணிகளையும் ஒரே அறையில் வைத்தார்கள். பிள்ளைகள் பொம்மைகளைவிடப் பிராணிகளிடமே அதிக நேரம் நின்றார்கள். அவற்றில் பாம்பும் சிலந்தியும் உண்டு. 2002-இல் வந்த இன்னோர் ஆய்வில், 15 முதல் 20 மாதக் குழந்தைகளுக்கு ரப்பர் பாம்பையோ சிலந்தியையோ காட்டும்போது அம்மாக்கள் முகத்தைச் சுளித்தார்கள். பத்து நிமிடம் கழித்து அதே பொம்மையைக் காட்டியபோதும் குழந்தைகள் ஒதுங்கினார்கள். நம் முகத்தைப் பார்த்துத்தான் பயத்தைப் படிக்கிறார்கள். அதற்காக அவர்களைத் தனியே விட்டுவிட முடியாது. பயமறியாத குழந்தை நாகத்திடமும் அதே சிரிப்போடுதான் போகும். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் இருந்தே ஆகவேண்டும்.

நம்பிக்கை: மரவட்டை கடிக்கும், அரணை கடித்தால் மரணம்.

உண்மை: மக்கிய இலையைத் தின்று வாழும் மரவட்டை கடிப்பதில்லை. சீண்டினால் அது விடும் திரவம் தோலிலும் கண்ணிலும் எரியும். கடிப்பது பூரான்: தட்டையான உடம்பு, வேகமான ஓட்டம். இந்த இரண்டையும் பிரித்தறிய முதலில் நாம்தான் பழகவேண்டும். அரணைக்கும் வீட்டுப் பல்லிக்கும் விஷமே கிடையாது. ஆனால் பல்லி எச்சத்தில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால், தோட்டத்து விளையாட்டு சோப்புப் போட்டுக் கை கழுவுவதோடுதான் முடியவேண்டும்.

நம்பிக்கை: எறும்பை நசுக்குகிற பிள்ளைக்கு இரக்கமில்லை.

உண்மை: செத்தது திரும்ப எழாது என்பது இரண்டு வயதில் புரியாது. விரலின் அழுத்தமும் இன்னும் பிடிபடவில்லை. கையைப் பிடித்து மெதுவாகத் தொடக் காட்டுங்கள். ஆட்டையும் மாட்டையும் நாய்போல "தோத்தோ" என்பதும் குற்றமல்ல, கற்கிற வழிதான். நாலு கால், வால், ரோமம் என்று குழந்தை தானே ஓர் இனம் பிரிக்கிறது. "ஆமாம், ஆடு" என்றால் போதும்.

நம்பிக்கை: போனில் காட்டினாலே எல்லாம் தெரிந்துகொள்ளும்.

உண்மை: இரண்டு வயதுக்குள் குழந்தைகள் திரையைவிட நேரில் பார்த்தே நன்றாகக் கற்கிறார்கள். அந்த வயதுக்குத் திரையே வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்.

நம்பிக்கை: பழகின நாய், லேசாகத்தான் கீறியது, ஒன்றும் ஆகாது.

உண்மை: இதில் மட்டும் நான் துளியும் விட்டுக்கொடுக்கமாட்டேன். கடியோ கீறலோ, காயத்தில் பட்ட எச்சிலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே மருத்துவரிடம் காட்டவேண்டும். ரேபீஸ் அறிகுறி தென்பட்டபின் காப்பாற்றுவது அநேகமாக நடக்காத காரியம்.

அன்று நான் அலறியபின் பத்து நாளாகப் பேத்தி அந்தக் கல் பக்கமே போகவில்லை. நேற்று மறுபடி ஒரு மரவட்டை. விரலை நீட்டுமுன் என் முகத்தைப் பார்த்தாள். முட்டிவலியைப் பார்க்காமல் நானும் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.