காரின் இசையும் ஓம் விதியும்

வீட்டில் கேட்கும்போது இனிக்கின்ற பாடல், காரில் கேட்கும்போது ஏன் இரைச்சலாகிறது? இக்கேள்வியைக் கேட்காதவர் மிகச் சிலரே. 1930ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கால்வின் சகோதரர்கள் ‘மோட்டரோலா’ என்னும் பெயரில் கார் வானொலியை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். 1963இல் பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒலிநாடாக் கேசட்டும், 1982இல் குறுந்தகடும், பின்னர் கைப்பேசியிலிருந்து கம்பியின்றிப் பாடும் புளூடூத்தும் வந்தன. கருவிகள் எத்தனை மாறினும், இறுதியில் காற்றை அசைத்து நம் செவிக்கு ஒலியைத் தருவது ஒரு கூம்புதான். ரைஸ், கெல்லாக் என்னும் இரு பொறியாளர்கள் 1925இல் வெளியிட்ட சுருளும் கூம்பும் கொண்ட அமைப்பே இன்றும் கார்க் கதவுகளில் இருந்து பாடுகிறது.

இக்கட்டுரையில் ஸ்பீக்கரை ஒலிபெருக்கி என்றும், ஆம்ப்ளிஃபயரைப் பெருக்கி என்றும் குறிப்பிடுகிறேன்.

இவ்வாராய்ச்சியில் நான் இறங்கியதற்குக் காரணம் என் அண்ணன். அவர் வாடகைக் கார் ஓட்டுகிறார். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் வண்டியிலேயே கழிகிறது. வண்டிக் கடனும் இன்னும் தீரவில்லை. பாட்டுத் தெளிவாக இல்லை என்று ஒரு கடைக்குப் போனார். “செட்டைக் கழற்றிவிட்டுப் புதுச் செட்டு, ஆம்ப்ளிஃபயர், டிக்கியில் ஒரு பெட்டி, எல்லாம் போட்டால்தான் சரியாகும்” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை ஒரு மாதத் தவணையைத் தாண்டியது. “தம்பி, நீ பிசிக்ஸ் படிக்கிறாயே, இவ்வளவும் தேவைதானா என்று பார்த்துச் சொல்” என்றார் அண்ணன். பார்த்ததைச் சொல்கிறேன்.

செட்டை ஏன் மாற்றக்கூடாது?

முன்பெல்லாம் கார் வானொலிக்கென 180 மில்லிமீட்டர் அகலமும் 50 மில்லிமீட்டர் உயரமும் உடைய பொது அளவு ஒன்று இருந்தது. பெரும்பாலான வண்டிகளில் அந்தப் பொந்து ஒரே அளவு என்பதால் பழையதை உருவிப் புதியதைச் செருகுவது எளிது. இன்றைய கார்களில் பலவற்றில் திரை முகப்புப் பலகையோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருக்கிறது. பின்பக்கக் கேமராவின் படம், ஸ்டியரிங்கில் உள்ள பொத்தான்கள், தொலைபேசி பேசும் வசதி ஆகியவை அதனோடு பிணைந்துள்ளன. சில வண்டிகளில் எச்சரிக்கை ஓசைகளும் அதன் வழியாகவே வருகின்றன. அதனைக் கழற்றினால் பாட்டுக்காக மற்றவற்றை இழக்க நேரும். கம்பிகளை வெட்டினால் உத்தரவாதத்துக்கும் கேடு வரலாம். எனவே செட்டு இருக்கட்டும். குறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் காண்போம்.

பெட்டிமேல் எழுதிய வாட்

கடையில் காட்டிய புதுச் செட்டின் அட்டைப் பெட்டியில் ‘50 வாட் × 4’ என்று அச்சிட்டிருந்தது. இதனை ஓம் விதியைக் கொண்டு நாமே சோதிக்கலாம். கார் பேட்டரி 12 வோல்ட். எஞ்சின் ஓடும்போது ஆல்டர்னேட்டர் அதனை ஏறத்தாழ 14.4 வோல்ட் வரை உயர்த்தும். செட்டினுள் உள்ள சிறு பெருக்கி, ஒலிபெருக்கியின் இரு முனைகளையும் எதிரெதிர்த் திசையில் இயக்கும் பாலச் சுற்றாகும். ஆகவே அதன் உச்ச மின்னழுத்தம் 14.4 வோல்ட்டை மீற இயலாது.

சைன் அலைக்கு இதன் பயனுறு மதிப்பு 14.4 × 0.707 = 10.18 வோல்ட். அதன் வர்க்கத்தை ஒலிபெருக்கியின் 4 ஓமால் வகுத்தால் 25.9 வாட் கிடைக்கிறது. டிரான்சிஸ்டர்களில் ஏற்படும் இழப்பைக் கழித்தால் சிதைவின்றிக் கிடைப்பது ஏறத்தாழ 20 வாட்டே. அப்படியாயின் 50 எங்கிருந்து வந்தது? 14.4இன் வர்க்கம் 207.4, அதை 4 ஆல் வகுத்தால் 51.8. அதாவது அலை முழுதும் உச்சி நறுக்கப்பட்டுச் சதுர அலையாக மாறும்போது வரும் எண் அது. அந்நிலையில் வருவது பாட்டன்று, கரகரப்பு. அண்ணனின் வண்டியில் உள்ள செட்டும் 12 வோல்ட் பேட்டரியில்தான் ஓடுகிறது. ஆகவே அதே வகையான இன்னொரு செட்டை வாங்குவதால் திறன் கூடாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றைத் தன்னுள் கொண்ட தனிப் பெருக்கியே இந்த எல்லையைத் தாண்ட வல்லது.

மூன்று டெசிபெல் கணக்கு

திறனை இரு மடங்காக்கினால் ஒலிமட்டம் 3 டெசிபெல் மட்டுமே உயரும். செவிக்கு ஒலி இரு மடங்காகத் தோன்ற வேண்டுமாயின் சுமார் 10 டெசிபெல் உயர வேண்டும். அதற்குப் பத்து மடங்கு திறன் தேவை. ஆனால் ஒலிபெருக்கிக்கு உணர்திறன் என்றொரு பண்பு உண்டு. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும்போது ஒன்று 87 டெசிபெல்லும் மற்றொன்று 90 டெசிபெல்லும் தரலாம். 90 டெசிபெல் ஒலிபெருக்கி 20 வாட்டில் செய்வதை, 87 டெசிபெல் ஒலிபெருக்கி 40 வாட்டில்தான் செய்யும். ஆகவே உணர்திறன் மிக்க ஒலிபெருக்கியை வாங்குவது, செட்டின் திறனைக் காசின்றி இரு மடங்காக்குவதற்கு ஒப்பாகும். ஓம் மட்டும் மாறக்கூடாது. 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் வைத்தால் மின்னோட்டம் இரட்டித்துச் செட்டு சூடேறும்.

கதவே பெட்டி

வீட்டு ஒலிபெருக்கி மரப்பெட்டிக்குள் இருக்கிறது. கார் ஒலிபெருக்கிக்கோ கதவுதான் பெட்டி. கூம்பு முன்னே தள்ளும்போது முன்புறம் காற்று அழுந்துகிறது. அதே கணத்தில் பின்புறம் தளர்கிறது. இரண்டும் எதிர்க் கட்டத்தில் உள்ள அலைகள். கதவின் உள்தகட்டில் உள்ள ஓட்டைகள் வழியே இவை கலந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 4.3 மீட்டர், ஆகவே இந்த அழிவு தாழ்ந்த சுரங்களையே பெரிதும் தாக்கும். மிருதங்கத்தின் தொப்பி காணாமற்போவதற்கு இதுவே காரணம்.

அண்ணனின் கார்க் கதவு உறையை, எங்கள் ஊர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் கழற்றிக் காட்டினார். உள்ளே பெரிய ஓட்டைகளும் அவற்றின்மேல் ஒரு பிளாஸ்டிக் தாளுமே இருந்தன. தகட்டை விரலால் தட்டினால் தகர டப்பாவைப் போல் அதிர்ந்தது. பியூட்டைல் ரப்பர் பூசிய அலுமினியத் தாளைத் தகட்டில் ஒட்டினோம். ஓட்டைகளையும் அதே தாளால் மூடினோம். ஒலிபெருக்கிக்கும் கதவு உறைக்கும் இடையே நுரை வளையம் ஒன்றை வைத்தோம். இங்கே மூன்று எச்சரிக்கைகள் உண்டு. கதவின் அடியில் மழைநீர் வடியும் துளைகளை அடைத்தல் கூடாது. அடைத்தால் கதவு துருப்பிடிக்கும். கண்ணாடி இறங்கும் வழியையும் பூட்டின் கம்பியையும் மறித்தல் கூடாது. காற்றுப்பை அல்லது அதன் உணரி உள்ள இடத்தில் துளையிடுதல் கூடாது; வேலை தொடங்குமுன் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட வேண்டும்.

ஒன்றரை வோல்ட் சோதனை

ஒலிபெருக்கிகளைக் கழற்றியபோது நம் ஆய்வகத்துச் சோதனை ஒன்று கைகொடுத்தது. 1.5 வோல்ட் மின்கலத்தின் நேர்முனையை ஒலிபெருக்கியின் நேர்முனையிலும், எதிர்முனையை எதிர்முனையிலும் ஒரு கணம் தொட்டால் கூம்பு வெளிநோக்கி நகர வேண்டும். இடப்புறம் வெளியேயும் வலப்புறம் உள்ளேயும் நகருமாறு முனைகள் மாறி இணைந்திருந்தால், இரு கதவுகளின் தாழ்ந்த ஒலிகளும் ஒன்றையொன்று அழிக்கும். மல்ட்டிமீட்டரில் அளந்தால் 4 ஓம் ஒலிபெருக்கி பெரும்பாலும் 3.2 முதல் 3.6 ஓம் வரை காட்டும். 4 என்பது மாறுமின்னோட்டத்துக்கான மின்னெதிர்ப்பு என்பதால் இவ்வேறுபாடு இயல்பே. பழைய கம்பியை வெட்டாமல், அந்தந்த வண்டிக்கென விற்கும் இணைப்புச் செருகியைப் பயன்படுத்தினால் எப்போது வேண்டுமானாலும் பழையபடி மாற்றிவிடலாம்.

பெருக்கி வேண்டுவோர்க்கு

இதற்குப் பின்னும் போதாது என்பவர், செட்டை அசைக்காமலே தனிப் பெருக்கியைச் சேர்க்கலாம். செட்டிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியிலிருந்தே ஒலிக்குறியை எடுக்க வேண்டும். இதற்கென ‘ஹை லெவல்’ உள்ளீடு உள்ள பெருக்கிகள் உள்ளன. இல்லாதவற்றுக்கு மின்னழுத்தத்தைக் குறைத்துத் தரும் மாற்றி ஒன்று இடையில் வேண்டும். பாலச் சுற்றில் எதிர்முனைக் கம்பியிலும் பேட்டரியின் பாதியளவு மின்னழுத்தம் நிற்கிறது. ஆகவே அதனை ஒருபோதும் வண்டியின் உடலோடு சேர்க்கலாகாது. சேர்த்தால் செட்டு பழுதாகும். சில தயாரிப்பாளர்கள் ஒலியைக் கூட்டும்போது தாழ்ந்த சுரங்களைத் தாமாகக் குறையும்படி செட்டில் அமைத்திருப்பர். அதனைச் சீர்செய்ய எண்முறை ஒலிச் செயலி தேவைப்படும்.

அடுத்தது கம்பியின் தடிமன். பெருக்கி 20 ஆம்பியர் இழுக்கிறது என்போம். பேட்டரியிலிருந்து 5 மீட்டர் செம்புக் கம்பி. அதன் குறுக்குப் பரப்பு 1.5 சதுர மில்லிமீட்டர் எனில் மின்தடை 0.057 ஓம், கம்பியிலேயே 1.15 வோல்ட் இழந்து 23 வாட் வெப்பமாகும். இருக்கைக்கு அடியில் ஒரு சாலிடர் கோலைச் சூடாக்கி வைப்பது போன்றது அது. 10 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அவ்வெப்பம் மூன்றரை வாட்டுக்குள் அடங்கும். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் இருப்பது கட்டாயம். ஃபியூஸ் பெருக்கியைக் காப்பதற்கென்றே பலர் எண்ணுகின்றனர். கம்பி உரசித் தகட்டைத் தொட்டால் வண்டி தீப்பற்றாமல் காப்பதே அதன் முதற்கடமை.

செவியைக் காப்போம்

1933இல் ஃப்ளெச்சர், மன்சன் ஆகிய இருவரும் ஓர் உண்மையை அளந்து காட்டினர். ஒலி குறைவாக இருக்கும்போது நம் செவி தாழ்ந்த சுரங்களை மிகக் குறைவாகவே உணர்கிறது. ஆகவே கதவு தாழ்ந்த சுரங்களை விழுங்கும் காரில், அவற்றைத் தேடி ஓட்டுநர் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறார். 85 டெசிபெல்லை நாளுக்கு எட்டு மணி நேரம் கேட்பதே பாதுகாப்பின் எல்லை என அமெரிக்கத் தொழில்நலக் கழகம் வகுத்துள்ளது. 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும்: 88க்கு நான்கு மணி, 91க்கு இரண்டு மணி. பத்து மணி நேரம் வண்டி ஓட்டுபவருக்கு இது அலங்காரப் பிரச்சினை அன்று, பிழைப்பின் பிரச்சினை. ஆம்புலன்சின் சங்கொலியைக் கேட்க வேண்டியதும் அதே செவிதானே!

அண்ணனின் வண்டியில் நாங்கள் செய்தவை மூன்றே: முன் கதவுகள் இரண்டையும் அடைத்தோம், உணர்திறன் மிக்க 4 ஓம் ஒலிபெருக்கி இரண்டை வைத்தோம், முனைகளைச் சரிபார்த்தோம். செட்டு அப்படியே இருக்கிறது, பெருக்கி வாங்கவில்லை. கடையில் சொன்ன தொகையில் நான்கில் ஒரு பங்குகூடச் செலவாகவில்லை. முன்பு ஒலியை 24ஆம் எண்ணில் வைத்துக் கேட்டவர், இப்போது 16இல் வைத்துக் கேட்கிறார்.

நண்பர்களே, ஓம் தம் விதியை வெளியிட்டது 1827இல். தேர்வுத்தாளில் ஐந்து மதிப்பெண்ணுக்கு நாம் எழுதும் அச்சிறு சூத்திரம், உழைக்கும் ஒரு குடும்பத்தின் பணத்தையும் ஒருவருடைய செவியையும் காக்க வல்லது. உங்கள் வீட்டில் எவரேனும் இத்தகைய செலவுக்கு ஆயத்தமானால், கடைக்குப் போகுமுன் ஒரு மல்ட்டிமீட்டரையும் ஒன்றரை வோல்ட் மின்கலத்தையும் எடுத்துக்கொண்டு கதவருகே போங்கள். முதலில் கதவு, அடுத்து ஒலிபெருக்கி, கடைசியில்தான் பெருக்கி. இந்த வரிசையை மறவாதிருந்தால் போதும்.