பகிடிக்குள் ஒளிந்திருக்கும் வதை

ஆக்கிரமிப்பு என்றதும் காணியும் நாடும் நம் நினைவுக்கு வருகின்றன. உளவியலில் அச்சொல் ஒரு நடத்தையைக் குறிக்கிறது. தீங்கைத் தவிர்க்க விரும்பும் ஒருவரைத் துன்புறுத்தும் எண்ணத்துடன் செய்யப்படும் செயல் எதுவும் ஆக்கிரமிப்பு நடத்தையே. இங்கு எண்ணமே முக்கியம். பல் பிடுங்கும் வைத்தியர் வலி தருகிறார்; அது ஆக்கிரமிப்பு அன்று. ஒருவர் மீது படவேண்டும் என்று எறிந்த கல் குறி தவறினாலும் அது ஆக்கிரமிப்புத்தான். கோபம் என்பது உணர்ச்சி, ஆக்கிரமிப்பு என்பது செயல். இரண்டும் ஒன்றல்ல.

இந்நடத்தை பல வடிவங்களில் வெளிப்படும்.

உடல்சார் ஆக்கிரமிப்பு: அடித்தல், தள்ளுதல், பொருட்களை உடைத்தல்.

சொல்சார் ஆக்கிரமிப்பு: ஏசுதல், மிரட்டுதல், பட்டப்பெயர் சொல்லிச் சிரித்தல். அல்குர்ஆனின் அல்ஹுஜுராத் அத்தியாயம் பரிகசிப்பதையும் தீய பட்டப்பெயர் சூட்டுவதையும் தடுப்பதை நாம் அறிவோம்.

உறவுசார் ஆக்கிரமிப்பு: வதந்தி பரப்புதல், ஒருத்தியோடு யாரும் பேசாதபடி செய்தல், வட்ஸ்அப் குழுவிலிருந்து அவளை மட்டும் நீக்குதல். சத்தமே இல்லாததால் இதைப் பெரியவர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

இடம்மாறிய ஆக்கிரமிப்பு: வகுப்பில் வாங்கிய ஏச்சுக்கு வீட்டில் தம்பியை அடித்தல். எதிர்க்க முடியாதவர் மேல் உள்ள கோபம் எளியவர் மேல் இறங்குகிறது.

இவ்வடிவங்கள் அனைத்தும் ஒன்றுசேரும் இடம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அதுதான் பல்கலைக்கழகப் பகிடிவதை. நம் மொழி அதற்குப் பொருத்தமாகவே பெயர் வைத்திருக்கிறது. செய்பவருக்கு அது பகிடி, படுபவருக்கு வதை. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவி ரூபா ரத்னசீலி பகிடிவதைக்குத் தப்புவதற்காக விடுதி மாடியிலிருந்து குதித்தார்; அதன்பின் அவரால் நடக்க முடியவில்லை. 1997இல் அதே பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீட முதலாம் வருட மாணவர் செல்வநாயகம் வரப்பிரகாஷ், கடும் உடற்பயிற்சிகளைச் செய்யும்படி வற்புறுத்தப்பட்டு, சிறுநீரகங்கள் செயலிழந்து உயிரிழந்தார். உயர்தரத்தில் இரவு பகலாகப் படித்துச் சென்ற பிள்ளைகள் இவர்கள்.

படித்தவர்கள் ஏன் இதைச் செய்கிறார்கள்? 1939இல் ஜோன் டொலார்ட் முதலிய யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், தடைப்பட்ட ஆசையால் வரும் விரக்தி ஆக்கிரமிப்பைத் தூண்டுகிறது என்றனர். ஆனால் விரக்தியடைந்த எல்லோரும் அடிப்பதில்லையே! 1961இல் அல்பேர்ட் பண்டுராவும் அவரது குழுவினரும் 72 பாலர் பாடசாலைச் சிறுவர்களை ஆராய்ந்தனர். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைப் பார்த்த சிறுவர்கள், பின்னர் அதே அடிகளையும் அதே சொற்களையும் திருப்பிச் செய்தனர். அமைதியாக விளையாடிய பெரியவரைப் பார்த்தவர்களிடம் அது மிகக் குறைவாகவே இருந்தது. ஆக்கிரமிப்பு பார்த்துப் பழகும் பாடம் என்பதை இது காட்டியது.

பகிடிவதையும் இப்படித்தான் தொடர்கிறது. முதலாம் வருடத்தில் பட்டவர், இரண்டாம் வருடத்தில் செய்பவர் ஆகிறார். தன்னை வதைத்தவரை அவரால் எதிர்க்க முடியவில்லை. எனவே புதிதாக வருபவர் மேல் அதை இறக்குகிறார். “நாங்களும் பட்டோம்தானே” என்பதே அவரது நியாயம். ஒற்றுமையை வளர்க்கிறோம், பணிவைப் பழக்குகிறோம் என்பதெல்லாம் அதற்குப் போடும் போர்வை. பயத்தால் குனிந்த தலை பணிவு ஆகாது.

வரப்பிரகாஷின் மரணத்திற்கு அடுத்த ஆண்டு, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைக் குற்றமாக்கியது. உடற்காயம் மட்டுமல்ல, மனவேதனையும் அச்சமும் ஏற்படுத்துவதும் அச்சட்டத்தில் பகிடிவதையே. அதற்கு இரண்டு ஆண்டுகள் வரையும், பாலியல் துன்புறுத்தலோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுகள் வரையும் சிறைத்தண்டனை விதிக்கலாம். ஆனாலும் சட்டத்தால் மட்டும் பழக்கம் மாறிவிடாது. அச்சட்டம் வந்த பின்பும் பகிடிவதை ஒழியவில்லை.

பெற்றோரே, உங்கள் பிள்ளை விடுதியிலிருந்து அழைத்துத் தயங்கித் தயங்கிப் பேசினால், “எல்லாருக்கும் நடக்கிறதுதானே, கொஞ்சம் பொறுத்துக்கொள்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வசனம் பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

தோழியரே, உடுப்பிட்டியிலிருந்து பேராதனைக்கோ கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ நாம் போகும் நாள் தூரத்தில் இல்லை. போன பிறகு பழகுவோம் என்று காத்திருக்க வேண்டாம். இடைவேளையில் ஒருத்தி தனியே இருந்து சாப்பிட்டால் அருகில் போய் இருப்போம். பட்டப்பெயரைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்போம். பார்த்துப் பழகியதுதான் ஆக்கிரமிப்பு என்றால், அன்பையும் நம்மைப் பார்த்துப் பிறர் பழகட்டும். நம் முறை வரும்போது, பட்டதைத் திருப்பிக் கொடுக்காமல் விட்டால் போதும். அந்தச் சங்கிலி நம்மோடு அறுந்துவிடும்.