ஊர்தி ஒன்று, பணி இரண்டு

உடலுக்கு நரம்பு எத்தகையதோ, நாட்டுக்குப் போக்குவரத்தும் அத்தகையது. பெருநகரங்களில் பேருந்துகள் நிரம்பி வழிகின்றன. மலைகளுக்கிடையே அமைந்த சிற்றூர்களின் நிலையோ வேறு. இளைஞர் பலர் பிழைப்பை நாடி நகருக்குச் சென்றுவிட, முதியோரே ஊரில் எஞ்சுகின்றனர். அங்குச் செல்லும் பேருந்தில் நாலைந்து பேரே அமர்ந்திருப்பர். அதே சாலையில் பாதி வெறுமையாக ஒரு பொதி வண்டியும் செல்லும். இரண்டிற்கும் இழப்பே. இழப்பு மிகுந்தால் பேருந்து நின்றுவிடும். அது நின்றுவிட்டால், மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய முதியவர் என் செய்வார்?

ஆளையும் பொதியையும் ஒரே ஊர்தியில் ஏற்றுவதே இதற்குரிய வழியென அறிஞர் கருதினர். இவ்வழக்கம் முற்றிலும் புதியதன்று. சுவிட்சர்லாந்து நாட்டில் குதிரை பூட்டிய அஞ்சல் வண்டிகள் கடிதங்களோடு பயணிகளையும் சுமந்து சென்றன. 1906ஆம் ஆண்டில் அந்நாட்டு அஞ்சல் துறை மோட்டார்ப் பேருந்துகளை இயக்கத் தொடங்கியபோதும் அம்மரபு தொடர்ந்தது. ஜப்பானின் மியாசாக்கி மாநிலத்தில், சைட்டோ நகரையும் நிஷிமேரா என்னும் மலைச்சிற்றூரையும் இணைக்கும் பேருந்தில், 2015ஆம் ஆண்டு முதல் பொதிகளும் ஏற்றப்பட்டன. பேருந்தின் நடுவே சில இருக்கைகளை அகற்றிப் பொதிக்கு இடம் செய்தனர். பொதிக் கட்டணம் பேருந்துக்கு ஊன்றுகோலாயிற்று. பொதி வழங்குவோர்க்கும் அலைச்சல் குறைந்தது.

எனினும், ஆளுக்கென அமைத்த வண்டியைப் பின்னர் வெட்டி ஒட்டுவதைவிட, இரு பணிகளுக்கும் ஏற்ப முதலிலேயே அமைப்பது சிறந்ததன்றோ? இதற்கு மின்பேருந்து பெரிதும் ஏற்றது. டீசல் வண்டியில் பெரிய எந்திரமும் பற்சக்கரப் பெட்டியும் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. மின்விசைப் பொறியோ சிறியது. மின்கலங்களையும் தளத்தின் அடியிலோ கூரையின்மேலோ வைக்கலாம். வளைவுகள் மிகுந்த மலைப்பாதைக்கு அடியில் வைப்பதே நன்று. ஈர்ப்பு மையம் தாழ்ந்திருப்பதால் வண்டி எளிதில் சாயாது. இறக்கத்தில் வேகத்தைக் குறைக்கும்பொழுது மின்விசைப் பொறியே மின்னாக்கியாக மாறி, ஆற்றலில் ஒரு பகுதியை மின்கலத்திற்குத் திருப்பியளிக்கும்.

உள்ளமைப்பு வேளைக்கேற்ப மாறவேண்டும். காலையில் மாணவரும் நோயாளரும் மிகுதி. அப்பொழுது இருக்கைகள் அனைத்தும் விரிந்திருக்கும். நண்பகலில் ஆள் குறைவு. அப்பொழுது ஒருபுறத்து இருக்கைகளைச் சுவரோடு மடக்கி, பொதிகள் அடங்கிய சக்கரக் கூண்டுகளை உருட்டி ஏற்றலாம். கூண்டுகளைத் தளத்தோடு பூட்டி, இடையே உறுதியான தடுப்பும் அமைத்தல் வேண்டும். ஓட்டுநர் திடீரென நிறுத்தும்போது, கட்டப்படாத பொதி முன்னிருப்போர் மீது பாயும் என்பதை மறத்தலாகாது.

எடையைக் கணக்கிடுதல் இடத்தைக் கணக்கிடுதலினும் இன்றியமையாதது. ஒருவருக்கு 65 கிலோ எனக் கொண்டால், பத்துப் பயணிகளின் எடை 650 கிலோ. அவ்விடத்தில் அரிசி மூட்டைகளைக் கூரைவரை அடுக்கினால் எடை பன்மடங்காகும். பின் அச்சுக்கும் அப்பால் பெருஞ்சுமை ஏற்றினால் முன்சக்கரங்களின் பிடிப்புத் தளர்ந்து, வண்டியைத் திருப்புவது கடினமாகும். மின்கலங்களே பெரிய பேருந்தில் ஒரு டன்னுக்கு மேல் எடையுள்ளவை. மின்கலத்தைக் கூட்டினால் செல்லும் தொலைவு கூடும். சுமக்கும் ஆற்றல் குறையும். 1907ஆம் ஆண்டில் இலண்டனில் ஓடிய மின்பேருந்துகளில், தீர்ந்த மின்கலங்களை அகற்றிவிட்டுப் புதியவற்றைச் சில நிமிடங்களில் பொருத்தினர். இக்காலத்திலோ, பேருந்து ஊர்க்கோடியில் காத்து நிற்கும் நேரத்திலேயே மின்னேற்றிக்கொள்ளலாம். ஆதலால், பாதையின் நீளத்தையும் ஏற்றத்தையும் அறிந்த பின்னரே மின்கலத்தின் அளவை முடிவு செய்தல் வேண்டும்.

இவை யாவற்றினும் மேலான விதி ஒன்றுண்டு: பொதிக்காக ஆளை வருத்தலாகாது. பொதி ஏற்றும்வரை நோயாளி காத்திருந்தால், அவ்வண்டி தன் நோக்கத்தையே இழந்துவிடும். தாழ்ந்த தளமும் வாயிலில் விரியும் சாய்தளமும் இதற்குத் துணைசெய்யும். சக்கரக் கூண்டு எளிதாக ஏறும் வழியில் சக்கர நாற்காலியும் ஏறும். கோலூன்றிய முதியவரும் ஏறுவார். தளர்ந்தவரை மனத்திற்கொண்டு வாயிலை அமைத்தால், பொதிக்கும் அதுவே நல்வழியாகிறது.

ஒரு கல்லில் இரு மாங்காய் வீழ்த்துவது திறமை எனலாம். ஆயினும், வண்டி நிறைவதே முடிவான பயன் அன்று. பொதி தரும் வருவாயால், நாலைந்து பேருக்காகவேனும் பேருந்து நாள்தோறும் ஊருக்கு வருகிறதே, அதுவே பெரும்பயன்.