கழற்றும் முன் கண்டுபிடியுங்கள்: டீசல் வால்வும் மலைநாட்டு மெக்கானிக்கும்

"ஏத்தத்துல நல்லாத்தான் இழுக்குது பாஸ், எறக்கத்துல காலை எடுத்தா நின்னுடுது." இப்படிச் சொல்லிக்கொண்டு ஒரு சாரதி வேனைக் கராஜுக்குள் விட்டால் அந்த வார்த்தைகளை அப்படியே எழுதி வையுங்கள். பாதி நோய் அதிலேயே இருக்கிறது. சமவெளியில் இது வெறும் எரிச்சல். ரம்பொடையிலும் கினிகத்தேனை வளைவுகளிலும் உயிர்ப் பிரச்சினை. எஞ்சின் நின்றதும் ஸ்டியரிங் இறுகிவிடும்; பிரேக்குக்குத் துணைநிற்கும் வெற்றிடம் ஓரிரு மிதியில் தீர்ந்துபோகும். பிள்ளைகளை ஏற்றிய பாடசாலை வேனாக அது இருக்கலாம். வேலையை முடித்துக் கொடுக்கும்வரை சாரதிக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள்: எஞ்சின் நின்றால் பிரேக்கை மிதித்து மிதித்து விடக்கூடாது, ஒரே மிதியாக அழுத்திப் பிடிக்க வேண்டும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய டொயோட்டா கேடிஎச் வேன்களும் டபுள் கேப்களும்தான் இந்த மலைகளில் ஏறி இறங்கின, இன்னும் ஏறுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை காமன் ரெயில் டீசல் எஞ்சின்கள். ஸ்பானர் மட்டும் பிடிக்கத் தெரிந்தவரால் இவற்றைத் திருத்த முடியாது. அளந்து பார்த்துப் பேசுகிறவருக்கே வேலை இருக்கிறது. தோட்டத்துப் பிள்ளைகள் நுழைய வேண்டிய வாசல் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த எஞ்சின்கள் பலவற்றில் இருக்கும் டென்சோ எச்பி3 வகை டீசல் பம்பின் உடலில் சிறிய மின் வால்வு ஒன்று இருக்கிறது. கராஜில் எஸ்.சி.வி. என்பார்கள். உயர் அழுத்தப் பகுதிக்குள் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்பதை எஞ்சின் கணினியின் சொற்படி கூட்டிக் குறைக்கும் குழாய்த் திருகு அது. உள்ளே நகரும் ஊசி தேய்ந்தாலோ பிசுக்குப் பிடித்தாலோ கணினி கேட்பது ஒன்று, இன்ஜெக்டர்களுக்கு டீசலைப் பகிரும் ரெயில் குழாயில் கிடைப்பது வேறொன்று. அழுத்தம் குறைந்தால் ஐட்லிங் ஏறி இறங்கும். காலை எடுத்ததும் எஞ்சின் அணையும். கூடினால் டொயோட்டாவில் பி1229 என்ற குறியீடு விழும், எஞ்சின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஏற்றத்தில் திணறும்.

ஆனால் இதே அறிகுறிகளை அடைபட்ட டீசல் ஃபில்டரும் காட்டும், காற்று இழுக்கும் குழாயும் காட்டும், கசியும் இன்ஜெக்டரும் காட்டும். ஆகவே வால்வு கடைசி. முதலில் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்து டீசலை ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்துச் சற்று நேரம் வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். நுவரெலியா கிட்டத்தட்ட 1,870 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பாதி காலியான தாங்கிக்குள் இரவுக் குளிரில் ஈரம் படிவது இங்கே வழக்கமான சங்கதி. பீப்பாயிலும் கேனிலும் வைத்து ஊற்றிய டீசல் என்றால் சந்தேகம் இரட்டிப்பாகட்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் வந்த அந்தப் பழக்கம் சிலரிடம் இன்னும் போகவில்லை. அடுத்து, பம்புக்கு டீசல் வரும் வழியில் ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டொன்றைப் பொருத்திக் குமிழி வருகிறதா பாருங்கள். நான்கு இன்ஜெக்டர்களிலிருந்தும் திரும்பும் டீசலை நான்கு போத்தல்களில் பிடித்து ஒப்பிடுங்கள்.

இவ்வளவும் சரியென்றால் ஸ்கேனரை மாட்டுங்கள். கணினி கேட்கும் ரெயில் அழுத்தம், உண்மையில் கிடைக்கும் அழுத்தம் இரண்டையும் ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். இந்த எஞ்சின்களில் ஐட்லிங்கில் அது ஏறத்தாழ 300 பார் அளவில் நிற்கும். கேட்பது அசையாமல் நிற்க, கிடைப்பது மட்டும் அலைபாய்ந்தால் வால்வின் மேல் கை வைக்கலாம். மீட்டரில் அதன் சுருள் ஏறத்தாழ 2 ஓம் காட்ட வேண்டும். பலர் ஏமாறுவது இங்கேதான்: சுருள் நன்றாக இருந்துகொண்டே ஊசி சிக்கலாம். மீட்டர் சரி என்பதால் வால்வு சரி ஆகிவிடாது. பேட்டரியிலிருந்து நேரே 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்க வேண்டாம், நல்ல சுருளும் கருகிவிடும்.

மாற்றும் வேலை இரண்டு போல்ட்தான். கேடிஎச்சில் எஞ்சின் முன் சீட்டுக்குக் கீழே இருப்பதால் கை நுழைக்க இடமில்லை என்பதே பெரிய தொல்லை. எஞ்சினை நிறுத்திச் சற்று ஆறவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். ஓடும் எஞ்சினில் உயர் அழுத்தக் குழாயை ஒருபோதும் தளர்த்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், விரலையே எடுக்க நேரலாம். பம்பைச் சுற்றி நன்றாகக் கழுவிக் காற்றடித்த பிறகே போல்ட்டைத் தொடுங்கள். ஒரு மணல் துகள் உள்ளே போனால் புது வால்வும் போயிற்று. பழையது வெளியே வந்ததும் அந்தத் துளையில் டோர்ச் அடித்துப் பாருங்கள். உலோகத் தூள் மின்னினால் நிறுத்திவிட்டு உரிமையாளரைக் கூப்பிடுங்கள்: "அண்ணே, பம்பே உள்ள தேயுது. வால்வு மட்டும் போட்டா காசு வீண்." இதைச் சொல்லும் துணிவு இந்தத் தொழிலில் ஸ்கேனரைவிட விலை உயர்ந்தது.

தூள் இல்லையென்றால் புது ஓ-ரிங்கைச் சுத்தமான டீசலில் நனைத்து, வால்வை நேராக உள்ளே தள்ளி, கையேடு சொல்லும் முறுக்குக்கே இறுக்குங்கள். சீலண்ட் வேண்டாம். வாங்கும்போது பம்பில் உள்ள இலக்கத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். குட்டை, நீளம் என இரு வடிவங்கள் உண்டு. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் அசலும் போலியும் அடுத்தடுத்த தட்டில் இருக்கும், ஆகவே பற்றுச்சீட்டுத் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். பொருத்தியதும் ஃபில்டர் மேலுள்ள கைப் பம்பை இறுகும்வரை அமுக்குங்கள். பல வாகனங்களில் ஸ்கேனர் மூலம் கணினிக்குப் பழைய கற்றலை மறக்கச் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால் புது வால்வோடும் பழைய குணமே தொடரலாம்.

இதையெல்லாம் எங்கே படிப்பது? ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை வழியாகக் கராஜில் வேலை செய்துகொண்டே பயிலலாம். ஏற்கெனவே கை தேர்ந்தவர்கள் முன் அனுபவத்தை மதிப்பிடச் சொல்லி என்.வி.கியூ. சான்றிதழ் கேட்கலாம், வெளிநாட்டு வேலைக்கு அந்தத் தாள் உதவும். சேருமுன் எந்த மொழியில் பாடம் என்று கேளுங்கள். தமிழில் இல்லையென்றால் பின்வாங்க வேண்டாம். கராஜ் சிங்களம் ஒரு வருடத்தில் நாக்கில் வந்துவிடும், குறியீடுகளும் கையேடுகளும் எப்படியும் ஆங்கிலம்தான். தங்கைமாருக்கும் இதையே சொல்கிறேன்: ஸ்கேனர் திரையை வாசிக்கத் தோள்பலம் தேவையில்லை.

வேலை முடிந்ததும் உரிமையாளரை அருகில் வைத்துக்கொண்டு ஓட்டிப் பாருங்கள், ஏற்றத்தைவிட இறக்கத்தில் அதிகமாக. மறுநாள் காலைக் குளிரில் ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கச் சொல்லுங்கள். பில்லில் வால்வின் விலையும் சோதனைக் கூலியும் தனித்தனி வரிகளில் இருக்கட்டும். மாற்றுமுன் பார்த்த அழுத்தம், மாற்றிய பின் பார்த்த அழுத்தம் இரண்டையும் அதன் கீழே எழுதி, பழைய வால்வை ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.